கூரைத் தையல்

பூரணம் மகளைப் பார்க்கவில்லை, மகள் நின்ற தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கார்ப்பரேஷன் பள்ளி மைதானத்தில் குத்துச்சண்டைக்குப் பலகை அடித்து மேடை போட்டு, நாலு பக்கமும் கயிறு கட்டியிருந்தார்கள். அதற்குள் சிவப்பு பனியனும் தலைக்கவசமுமாக மோனிஷா தோளை உருட்டிக்கொண்டிருந்தாள். வந்திருந்த கூட்டம் முழுக்க அவளைத்தான் பார்த்தது, பெற்றவளைத் தவிர. வெளிச்சம் மங்குகிறது என்று யாரோ பெரிய விளக்குகளைப் போட்டார்கள். போட்டதும்தான் தெரிந்தது. மேடையில் விரித்த கித்தானில், சிவப்பு மூலைக்குக் கொஞ்சம் கிட்டத்தில், இந்தக் கயிற்றிலிருந்து அந்தக் கயிறு வரைக்கும் ஒரு கோடு ஓடியது. அது பெயிண்ட் கோடு இல்லை, நிழல். நிழல் விழுகிறது என்றால் அங்கே மேடு இருக்கிறது. மேடு இருக்கிறது என்றால், அட கடவுளே, நான் எப்படித் தைத்தேன்? போன ஞாயிற்றுக்கிழமை கடையில் உட்கார்ந்து அவள் கையால் தைத்தது அது. கிளப்பில் மழையில் ஊறி இற்றுப்போன பழைய விரிப்புக்குப் பதிலாகக் கடை முதலாளி ஷேக் பாய் குடோன் மூடுகிற கித்தானில் இரண்டு துண்டைச் சும்மாவே கொடுத்தார். "நம்ம பூரணம் பொண்ணு ஆடப்போற இடம், எடுத்துக்க" என்றார். தரைக்கு என்றால் விளிம்போடு விளிம்பு சேர்த்து, அடியில் பட்டி கொடுத்துத் தைக்க வேண்டும், மேலே கை வைத்தால் தையல் இருப்பதே தெரியக் கூடாது. அவளுக்குத் தெரியாததா? ஆனால் இருபது வருஷமாகக் கை தைத்துப் பழகியது லாரிக்கும் குடோனுக்கும் பந்தலுக்கும், அதாவது மழைக்கு. மழைக்கு என்றால் மேல் துண்டு கீழ்த் துண்டின் மேல் ஏறி உட்கார வேண்டும், தண்ணீர் வழுக்கிக்கொண்டு இறங்கிப் போக வேண்டும். மனசு எங்கேயோ இருந்திருக்கிறது, கை தன் பாட்டுக்குக் கூரைக்குத் தைத்திருக்கிறது. சிவப்புப் பக்கத் துண்டு மேலே, நீலப் பக்கத் துண்டு கீழே, நடுவில் விரல் மொத்தத்துக்கு ஒரு படி. சிவப்பிலிருந்து நீலத்துக்குக் காலைத் தேய்த்துக்கொண்டு போனால் தண்ணீர் மாதிரி இறங்கிவிடலாம். நீலத்திலிருந்து சிவப்புக்கு வந்தால் தடுக்கும். தடுக்காமல் என்ன செய்யும், அதற்காகத்தானே அப்படித் தைப்பது.

"உம் பொண்ணாக்கா அது, சேப்பு?" பக்கத்து நாற்காலிக்காரி கேட்டாள். பூரணம் தலையை மட்டும் ஆட்டினாள். "நீலம் என்னுது. ஜெனி. எண்ணூர்லருந்து வர்றோம். எம் பேரு செலின்." மடியில் வைத்திருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள், பூரணம் ஒன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். "எனக்கு இத்தப் பாக்கவே ஆவாதுக்கா. வராமலும் இருக்க முடியல. நான் கண்ண மூடிக்கறேன். நீ பாத்து சொல்லு. எல்லாத்தையும் சொல்லாத, விழுந்தா மட்டும் சொல்லு." சொல்லிவிட்டு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். அழகாயிருக்கிறது, போயும் போயும் என்னிடமா சொல்ல வேண்டும் என்று பூரணம் நினைத்தாள். வாயைத் திறக்க எனக்கே தடை. தடை போட்டவள் மோனிஷாதான். போன போட்டியில் முதல் குத்து விழுந்ததும் பூரணம் தன்னை மறந்து "ஐயோ" என்று கத்தினாள், மகள் திரும்பிப் பார்த்தாள், அந்த இமைப்பொழுதில் அடுத்த குத்து தாடையில் இறங்கியது. வீட்டுக்கு வந்து வீங்கிய வாயோடு சொன்னாள், "நீ கத்துனா நான் திரும்புவேம்மா. அது என்னால அடக்க முடியாது. திரும்புனா வாங்குவேன். வாயத் தொறக்காத, இல்லன்னா வராத." இந்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவளுக்குத்தான் மாநில அணியில் இடம். இடம் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் போலீஸ் வேலைக்கு வழி உண்டு என்று கிளப்பில் பயிற்சி கொடுக்கிற தாமோதரன் மாஸ்டர் சொல்லியிருந்தார். காக்கிச் சட்டையும் கித்தான் மாதிரி மொடமொடவென்று இருக்கும், இவளுக்குப் பொருந்தும். மணி அடித்தது. இரண்டு பெண்களும் நடுவுக்கு வந்து கிளவுஸைத் தொட்டுக்கொண்டார்கள்.

ஓடுகிற காலைப் பார்த்தால் தலை சுற்றியது, ஆனாலும் பூரணம் காலையே பார்த்தாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, தேய்த்து, தேய்த்து. தேய்க்காதடி. தூக்கி வை. அந்தக் கோட்டுப் பக்கம் போகாதே. இதோ போகிறாள், தாண்டி நீலப் பக்கம் போய்விட்டாள், இனி திரும்பி வரும்போது குதிகால் மாட்டும், பின்பக்கமாக விழுவாள், பிடரி கீழே அடிபடும். மாட்டவில்லை. வந்துவிட்டாள். மாரியாத்தா, உனக்குக் கண் இருக்கிறது. அடியில் ரப்பர் மெத்தை இருக்கிறது, விழுந்தாலும் ஒன்றும் ஆகாது என்று மாஸ்டர் சொல்வார், அவருக்கென்ன. அவள் கணவன் எத்திராஜ் விழுந்த இடத்தில் மெத்தை இல்லை. துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது விழுந்தான், ஸ்ட்ரெச்சர் வரவில்லை, மூட்டைகளை மூடியிருந்த கித்தானை உருவி அதில் போட்டு நாலு பேர் முனையைப் பிடித்துத் தூக்கி வந்தார்கள். துறைமுகக் கேட்டுக்கு ஓடி வந்து நின்ற பூரணம் முதலில் அவனைப் பார்க்கவில்லை. கித்தானின் நடுத் தையலைத்தான் பார்த்தாள். இரட்டைத் தையல், மெழுகு நூல், மூலையில் அவள் வழக்கமாகப் போடுகிற முடிச்சு. ஆள் பாரம் முழுக்க அந்தத் தையலில் தொங்கியது, ஒரு கண்ணி கூடப் பிரியவில்லை. நல்லாத் தைச்சிருக்கேன் என்று நினைத்தாளே, அந்த நேரத்தில், அதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கூசுகிறது. பாழாய்ப்போன மனசுக்கு எந்த நேரத்தில் எது தோன்ற வேண்டும் என்று ஒரு வரைமுறை இல்லை. அப்போது மோனிஷாவுக்கு ஏழு வயசு. பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வந்தார்கள், புதன்கிழமை, வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்டிருந்தாள். அதுவும் கேன்வாஸ்தான், இதே கித்தான். ஒரே துணிக்கு எத்தனை பேர், எத்தனை பிழைப்பு! கடையில் கித்தான், லாரிக்காரனுக்குப் படுதா, பாய் வீட்டில் அவர் சாய்ந்து கிடக்கிற ஈஸிசேரில் வெறும் துணி, பள்ளிக்கூடத்தில் ஷூ. ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் கேன்வாஸ் பண்ண வந்தோம் என்கிறார்கள், அவர்களுக்கும் இந்தத் துணிக்கும் என்ன உறவோ, மழை வந்தால் இரண்டு பேரில் துணிதான் வந்து நின்றது. வெள்ளம் வந்த வருஷம் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர், மேம்பாலத்துக்கு அடியில் பாய் கொடுத்தனுப்பிய ஒரு பழைய படுதாவைக் கட்டிக்கொண்டு அம்மாவும் மகளும் கிடந்தார்கள். காற்று அடித்தால் படுதா வயிறு ஊதி உள்ளே இறங்கும், மழை அதன்மேல் கொட்டுகிற சத்தத்தில் பேசியது கேட்காது. மோனிஷா படுத்தபடி மேலே தையலை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். "இது நீ தச்சதாம்மா?" "ஆமா." "அப்ப ஒழுகாது," என்றாள். ஒழுகவில்லை. அந்த நம்பிக்கையோடு தூங்கிப்போன குழந்தைதான் இப்போது மேலே நிற்கிறது, நான் தைத்ததன் மேல். மணி அடித்தது, முதல் சுற்று முடிந்தது. செலின் முந்தானைக்குள்ளிருந்து "யாரும் விழலையே?" என்று கேட்டாள். "இல்ல," என்றாள் பூரணம்.

சொல்லிவிடலாம். எழுந்துபோய் மாஸ்டர் காதில் சொன்னால் போதும், மாஸ்டர், தையல் தப்பு, ஒரு நிமிஷம் நிறுத்துங்க. நிறுத்துவார்கள். அப்புறம்? வெளியூரிலிருந்து வந்து உட்கார்ந்திருக்கிற அதிகாரிகள் கித்தானைப் புரட்டிப் பார்ப்பார்கள், இதெல்லாம் ஒரு கிளப்பா என்பார்கள், ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றுவார்கள். மாஸ்டருக்குத் தலைகுனிவு, பையன்கள் மத்தியில் மோனிஷாவுக்குத் தலைகுனிவு, உங்கம்மா தச்ச லட்சணம் என்பார்கள். காலையில் ஒரு அதிகாரி பூட்ஸ் காலால் அழுத்திப் பார்த்து ஓகே என்று போனாராம். அவர் பார்த்த பிறகு நான் யார் சொல்ல? இப்படி நியாயம் கற்பிக்கிறதே மனசு, இது எங்கே கற்றுக்கொண்டது? ஓவியக் கல்லூரிப் பையன் ஒருவன் கடைக்கு வருவான், முரட்டு ரகமாகப் பார்த்து வெள்ளைக் கித்தான் வாங்கிப்போவான். எதை மூடுவதற்கு என்று ஒருநாள் கேட்டாள். "மூடறதுக்கு இல்லக்கா. படம் போடறதுக்கு" என்றான். எதையும் மூடாத கித்தான் இருக்க முடியும் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அதில் முதலில் வெள்ளை பூசுவானாம், துணியின் மேடுபள்ளம் தெரியாமல் அடைபடுகிற வரைக்கும், அதற்கு மேல்தான் படம். இந்த மேட்டையும் யாராவது வெள்ளை பூசி அடைத்திருக்கக் கூடாதா. மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த மோனிஷா வாயில் தண்ணீர் ஊற்றிக் கொப்பளித்தாள். மாஸ்டர் குனிந்து ஏதோ சொன்னார், அவள் வேண்டாம் என்பது போலத் தலையசைத்துவிட்டுக் கீழே பார்த்தாள். எதைப் பார்க்கிறாள்? மணி அடித்துவிட்டது, பூரணம் எழுந்திருக்கவே இல்லை, கையிலிருந்த முறுக்கு நொறுங்கி மடியெல்லாம் தூளாகக் கிடந்தது.

இரண்டாவது சுற்றில் எண்ணூர்ப் பெண் கை ஓங்கியது. உயரமானவள், கை நீளம், மோனிஷா பின்வாங்கிக்கொண்டே வந்தாள். கோட்டைத் தாண்டி சிவப்புப் பக்கம் வந்தாள். துரத்திக்கொண்டு வந்த ஜெனி, கோட்டுக்கு வந்ததும், யாரோ கணுக்காலைப் பிடித்து இழுத்தது போலக் குப்புற விழுந்தாள். கூட்டம் ஓவென்று கத்தியது. நடுவர் கையை விலக்கி ஆட்டி, இது அடி இல்லை என்று காட்டி, அவளைத் தூக்கிவிட்டு, கிளவுஸைத் தன் சட்டையில் துடைத்தார். "இன்னா ஆச்சு? யாருக்கா?" செலின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வழுக்கிடுச்சு. எழுந்துட்டா." வழுக்கவில்லை. வழுக்குவது வேறு, தடுக்குவது வேறு, இருபது வருஷம் கித்தான் மேல் நடந்தவளுக்கு இரண்டும் தெரியும். பெண்ணைப் பெற்ற ஒருத்தி நம்பிக் கண்ணை மூடிக்கொண்டாள், அவளிடம் பொய் சொல்லியாயிற்று. ஜெனி வலது காலைப் பார்த்துப் பார்த்து ஊன்றினாள். என் மகள் விழவில்லை. என் மகள் விழவில்லை என்று உள்ளே ஒன்று நன்றி சொல்லிக்கொண்டிருக்கும்போதே, அதற்கு அடியில் இன்னொன்று கேட்டது, ஏன் விழவில்லை? எத்தனை தடவை தாண்டியிருப்பாள், ஒரு தடவை கூட மாட்டவில்லையே? பூரணம் அப்போதுதான் காலைச் சரியாகப் பார்த்தாள். மோனிஷா மறுபடியும் முன்னேறி நீலப் பக்கம் போனாள், தேய்த்துக்கொண்டே போனாள். மறுபடியும் பின்வாங்கினாள், தேய்த்துக்கொண்டே வந்தாள், கோட்டுக்கு வந்ததும் குதிகாலைத் தூக்கி வைத்தாள். அந்த ஒரு அடி மட்டும். கண் எதிராளியின் முகத்தில், கீழே பார்க்கவே இல்லை. வீட்டு வாசற்படியில் இருட்டிலும் கால் தானாகத் தூக்குமே, அப்படி. தெரியும். இவளுக்குத் தெரியும். விரித்த நாளிலிருந்து காலையில் இதன்மேல்தானே ஓடினாள், கயிறு தாண்டினாள். மேம்பாலத்துக்கு அடியில் படுத்தபடி விரலால் தடவிய பிள்ளை, அம்மா தையல் அவளுக்குத் தெரியாதா? தெரிந்துகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. தெரிந்துகொண்டு அந்தப் பெண்ணை இழுத்து வருகிறாள். பூரணத்துக்கு இதுவரை மகளுக்காக இருந்த பயம் அப்படியே புரண்டு படுத்தது. அந்த வெள்ளை ஷூவில் பெருவிரல் பக்கம் ஓட்டை விழுந்தபோது, மோனிஷா விரல் நகத்தில் சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு போவாள், வரிசையில் நிற்கும்போது ஓட்டையே தெரியாது. எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள் பூரணம், எம் பொண்ணு சாமர்த்தியத்தப் பாத்தியா என்று. சாமர்த்தியம்தான். யாரிடமிருந்து வந்தது? சொல்லாமல் உட்கார்ந்திருக்கிறேனே, நானும் இந்த நாற்காலியில், சாக்பீஸ் தேய்த்துக்கொண்டு.

மூன்றாவது சுற்று ஆரம்பித்தபோது கூட்டம் எழுந்து நின்றுகொண்டது. பூரணமும் நின்றாள், செலின் மட்டும் துணிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஏதோ ஜபம் முணுமுணுத்தாள். புள்ளிகள் எப்படி இருக்கின்றன என்று யாருக்கும் நிச்சயமில்லை, சமமாக இருக்கலாம் என்று பின்னால் ஒருவர் சொன்னார். சமமாக இருந்தால் ஒருத்தி விழுந்தால் போதும், விழுகிற நேரத்தில் ஒரு குத்து போதும். மோனிஷா நீலப் பக்கம் போய் இரண்டு குத்து வைத்தாள். எதிரே அந்தப் பெண் காலை இழுத்துக்கொண்டு கிளம்பினாள், கால் வலியில் தூக்கி வைக்க முடியவில்லை, தேய்த்துக்கொண்டுதான் வருகிறாள். மோனிஷா பின்வாங்கினாள். ஒரு அடி. இரண்டு அடி. வா, வா என்று அவள் தோள் கூப்பிட்டது. வலது கையைத் தாடைக்குப் பக்கத்தில் மடக்கி வைத்திருந்தாள், அதை அவள் எப்போது அப்படி வைப்பாள் என்று பூரணத்துக்குத் தெரியும். போட்டுச் சாத்துவதற்கு முன்னால். விழுந்துகொண்டிருக்கிற முகத்தில் அது போய் இறங்கினால் என்ன ஆகும்? கேட்டில் நின்றது நினைவுக்கு வந்தது, நாலு பேர் முனையைப் பிடித்து வந்தது, தையல் பிரியாமல் தாங்கியது. மாநில அணி, காக்கிச் சட்டை, இத்தனை வருஷம் விடியலில் எழுந்து ஓடிய ஓட்டம், எல்லாம் இந்த ஒரு அடியில் இருக்கிறது. கத்தினால் திரும்புவாள். திரும்பினால் வாங்குவாள். என்னால அடக்க முடியாதும்மா என்று அவளே சொல்லியிருக்கிறாள். தெரியும், எல்லாம் தெரியும். குதிகாலைத் தூக்கிவிட்டாள். தாண்டிவிட்டாள். நீலப் பெண்ணின் கால் கோட்டை நோக்கித் தேய்ந்துகொண்டு வருகிறது.

"ஜெனி! பாப்பா! காலத் தூக்கி வை! தையல் இருக்கு!"

தன் தொண்டையிலிருந்துதான் அது வந்தது என்பது பூரணத்துக்குக் கொஞ்சம் பிந்தித்தான் தெரிந்தது. நீலப் பெண் திடுக்கிட்டுக் காலைத் தூக்கினாள். மோனிஷா திரும்பினாள். கூட்டத்தில் தேடவே இல்லை, நேராக அம்மாவைப் பார்த்தாள், அந்தப் பார்வையில் கோபம் வருவதற்குக் கூட நேரமில்லை. ஜெனி ஏற்கெனவே வீசிய கை வந்து கன்னத்தில் விழுந்தது. மோனிஷா சரிந்து பக்கவாட்டில் விழுந்தாள், முகம் அந்தக் கோட்டின்மேல் இருந்தது. நடுவர் குனிந்து விரலை நீட்டி எண்ண ஆரம்பித்தார். பூரணம் கயிற்றுக்குக் கிட்டத்தில் ஓடிப்போய் நின்றாள், எப்போது ஓடினாள் என்று தெரியாது. மகளின் கண் திறந்திருந்தது. அது தையலைப் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவு கிட்டத்தில், மெழுகு நூலின் ஒவ்வொரு கண்ணியும் தெரிகிற கிட்டத்தில். எழுந்திருடி. எழுந்து வந்து என்னை என்ன வேண்டுமானாலும் கேள், இனிமேல் வராதே என்று சொல், வரமாட்டேன், பேசாதே என்று சொல், பேசமாட்டேன், எழுந்து மட்டும் நில். "யாருக்கா?" பின்னால் செலின் குரல் கேட்டது. அவளும் எழுந்து வந்திருந்தாள், முந்தானை இன்னும் கண்ணை மூடியிருந்தது, பூரணத்தின் தோளைத் தடவிப் பிடித்துக்கொண்டிருந்தாள். "யாருக்கா விழுந்தா? எம் பொண்ணா?"

"எம் பொண்ணு," என்றாள் பூரணம்.

மோனிஷா ஒரு முழங்காலை ஊன்றினாள். கிளவுஸ் போட்ட கையை அந்த மேட்டின்மேலேயே வைத்து அழுத்தி எழுந்தாள், நடுவர் அவள் கண்ணைப் பார்த்துத் தலையசைத்தார். இந்தப் பக்கம் அவள் திரும்பவில்லை. தன் மூலைப் பக்கம் பின்வாங்கி நிற்பாள் என்றுதான் பூரணம் நினைத்தாள். அவள் கோட்டைத் தாண்டினாள், நீலப் பக்கமாக, மேடு இல்லாத அகன்ற இடத்துக்கு நடுவே போய் நின்று, இரண்டு கையையும் தூக்கி வைத்துக்கொண்டு, இங்கே வா என்பது போல அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். ஜெனி நொண்டிக்கொண்டு அங்கே போனாள்.

"எழுந்துட்டாளா?" செலின் தோளை உலுக்கினாள்.

"எழுந்துட்டா," என்றாள் பூரணம். "ரெண்டு பேரும் நின்னுகினு இருக்காங்க. நீ கண்ணத் தொற."